வாயில் ஒரு கட்டி: பொறுத்திருப்பதா, களிம்பு பூசுவதா, பேராதனைக்கு பஸ் ஏறுவதா?

எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வாயைத் திறந்து காட்டினார்கள். ஒருவன் அக்காவின் மகன்; வயது 11. அவனுடைய கீழுதட்டின் உட்புறத்தில் மொச்சைக் கொட்டை அளவுக்கு நீலம் பாரித்த ஒரு குமிழி. மற்றவர் சித்தி, வயது 58. அவருடைய வலது கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலையை அதக்கி வைக்கும் அதே இடத்தில், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. அதன் நடுவே சிவந்துபோன சிறு பரப்பு.

பையனுக்காக வீடே கலங்கியது. அக்கா அழுதாள். சித்தியின் வாயைப் பார்த்தவர்களோ, "சுண்ணாம்பு சுட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். சித்தியும் அதையேதான் சொன்னார். வலி இல்லை, சோறு இறங்குகிறது, கொழுந்து பறிக்க முடிகிறது, பிறகென்ன?

கலக்கம் ஆள் மாறி வந்திருந்தது. பையனுடையது சின்ன உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கடிபட்டு உடைந்ததால் நீர் தேங்கிய குமிழி. புற்றுநோயோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. கவனிக்க வேண்டியது சித்தியின் கன்னம். இதை நான் தெரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. நான் வைத்தியன் அல்ல. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆனால் அந்த வாரங்களில் எங்கள் முன்னால் இருந்த ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்க்க நேர்ந்தது. சிலவற்றில் ஏறி, இறங்கியும் வந்தோம்.

எடைபோட நான் கடைசியில் வைத்துக்கொண்ட கல் ஒன்றே ஒன்று: இந்த வழியில் போனால், சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து எடுத்த ஒரு சிறு இழையத் துண்டு எத்தனை நாளில் நோயியல் நிபுணரின் நுணுக்குக்காட்டிக்குக் கீழே போய்ச் சேரும்? பஸ் கட்டணம், வரிசை, இழக்கும் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான கூலி) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண் எவ்வளவு தூரம் சொல்லும்?

வாயில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. பல் உரசியோ கடித்தோ கன்னத்தில் உண்டாகும் நார்க்கட்டி, கருவுற்ற பெண்களின் முரசில் செக்கச் சிவந்து தொட்டாலே இரத்தம் கசியும் தசை வளர்ச்சி, பாலுண்ணி போன்ற சிறு முளை, மஞ்சள் நிறத்தில் மெத்தென்றிருக்கும் கொழுப்புக்கட்டி, பிறவியிலேயே இருக்கும் இரத்தக்குழாய்க் கட்டி, மேல் அண்ணத்தின் நடுவே கல்லுப்போல் துருத்தும் எலும்பு முடிச்சு. இந்தக் கடைசியைப் பலர் ஒரு நாள் தற்செயலாக நாக்கால் தடவிப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். உண்மையில் அது அவர்களோடு பல வருடங்களாக வாழ்ந்துகொண்டிருப்பது. ஒன்றும் செய்யத் தேவையில்லை.

தீங்கற்ற கட்டி பக்கத்து இழையத்தைத் தள்ளிக்கொண்டு வளரும், அதற்குள் புகாது. புற்றுநோய் இலுக்குப் புல்லின் சாதி: மேலே ஒரு தாள் தெரியும்போது, வேர் மலைக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாயில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வாயின் உட்தோலில் இருக்கும் செதிற்கலங்களில் தொடங்குபவை. அது முதலில் கட்டியாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறாத புண்ணாகவோ, வெள்ளைத் திட்டாகவோ, வெல்வெட் துணிபோல் சிவந்த பரப்பாகவோ வரலாம். மேலைநாடுகளில் நாக்கின் ஓரத்திலும் நாக்கின் அடியிலும் அதிகம். வெற்றிலை போடும் நம்மவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம்தான் முதலிடம். காரணம் தேடி அலைய வேண்டாம்: குதப்பியதை எங்கே ஒதுக்குகிறோமோ அங்கே.

கண்ணால் பார்த்து ஒரு வைத்தியர் ஓரளவு ஊகிக்கலாம். வழவழப்பாக, நகர்த்தினால் நகர்வதாக, மேல்தோல் முழுசாக இருந்தால் பெரும்பாலும் தீங்கற்றது. விளிம்பு தடித்து, அடிப்பக்கம் இறுகி, நடுவில் புண்ணானால் சந்தேகம். இந்த ஊகம் இரண்டு இடங்களில் நம்மைக் கைவிடும். ஒன்று, அண்ணத்தில் வரும் வழவழப்பான உருண்டை. சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் எழும் கட்டிகளில் ஏறத்தாழ பாதி புற்றுநோய். அவற்றுள் சில வருடக்கணக்காக மெல்ல வளர்ந்து, நல்ல பிள்ளையாக நடிப்பவை. மற்றது வலி. மலையகத்தில் வலிதான் வைத்தியசாலைக்கான பயணச் சீட்டு. வலிக்காவிட்டால் யாரும் போவதில்லை. வாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. காரமாக எதையாவது சாப்பிட்டதும் துள்ள வைக்கும் சாதாரண வாய்ப்புண்தான் பத்து நாளில் தானாக ஆறிவிடுகிறது.

வெள்ளைத் திட்டைப் பற்றி ஆராய்ச்சி சொல்வது சற்று ஆறுதலானது. 2016இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, வெண்திட்டுகள் புற்றுநோயாக மாறும் சராசரி விகிதத்தை 3.5 சதவீதம் என்று கணித்தது. அதை எழுதிய இருவரும் இலங்கையர்கள்: சமன் வர்ணகுலசூரிய, அனுர ஆரியவர்தன. அதாவது நூறு பேரில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்புத் திட்டின் கதை வேறு. 1975இல் ஷேபர், வால்ட்ரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 65 சிவப்புத் திட்டு மாதிரிகளை ஆராய்ந்தார்கள். 51 சதவீதம் ஏற்கெனவே ஊடுருவிய புற்றுநோய். 40 சதவீதம் அதன் வாசற்படியில் நின்ற நிலை. மீதி 9 சதவீதத்திலும் இலேசான அல்லது நடுத்தரமான கோளாறு. வெறும் சிவப்பு என்று ஒன்றுகூட இல்லை. சித்தியின் வெள்ளைத் திட்டுக்கு நடுவே இருந்த அந்தச் சிறு சிவப்பை நினைத்துக்கொண்டே இதை வாசித்தேன்.

வழிகள்

முதல் வழி பொறுத்திருப்பது. எல்லாரும் இதை ஏசுகிறார்கள், நான் ஏசமாட்டேன். கூரான பல் உரசி உண்டான புண்ணுக்குப் பல்லைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு இரண்டு வாரம் பொறுப்பதுதான் சரியான வைத்தியம். கருவுற்றவரின் முரசுத் தசையும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சுருங்கும். பொறுப்பதில் தவறு இல்லை, நாள் குறிக்காமல் பொறுப்பதில்தான் தவறு. உலகெங்கும் பல் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு இரண்டு, மூன்று வாரம். தோட்டத்தில் இதை நினைவில் வைக்கச் சுலபமான வழி இருக்கிறது: சம்பள நாளில் கண்ட புண் முற்பண நாளிலும் அப்படியே இருந்தால் எழுந்து போக வேண்டும். சித்தி பொறுத்தது மூன்று தீபாவளி.

இரண்டாவது, களிம்பு. தோட்ட மருந்தகத்தில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். தீர்ந்ததும் இன்னொன்று. பிறகு விற்றமின் மாத்திரை. யாரும் அவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கன்னத்தை இழுத்து, உள்ளே பார்க்கவில்லை. அந்த மருந்தகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காய்ச்சலுக்கும் அட்டைக் கடிக்கும் வெட்டுக் காயத்துக்கும் நாள் முழுதும் மருந்து கொடுப்பவரிடம் போய், "வாயில் எரிச்சல்" என்று மட்டும் சொன்னால் களிம்புதான் கிடைக்கும். மாசிக்காயை உரசித் தடவுவதும் இதே வரிசையில்தான் வரும். சாதாரண வாய்ப்புண்ணில் துவர்ப்பு கொஞ்சம் இதமளிக்கலாம். சிக்கல் எங்கே என்றால், களிம்பும் மாசிக்காயும் 'ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்' என்ற நிம்மதியைத் தந்துவிடுகின்றன. என் கல்லில் நிறுத்தால், இந்த வழியில் இழையத் துண்டு நுணுக்குக்காட்டிக்குப் போவதே இல்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதை நான் இதில் சேர்க்கவில்லை. நேர்ந்துகொண்டே பஸ்ஸிலும் ஏறலாம்.

மூன்றாவது, நகரத்துத் தனியார் பல் வைத்தியர். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ மாலையில் போய்ப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். பேர் இழக்க வேண்டியதில்லை. நல்ல வைத்தியராக இருந்தால் பார்த்ததும் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தக் கடிதம் ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும். ஆனால் பக்கத்து லயத்தில் ஒருவருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். கன்னத்தில் இருந்த ஒரு முளையை ஓர் இடத்தில் வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை எங்கே அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து அதே இடத்தில் அது மீண்டும் வந்தபோது, முதலில் இருந்தது என்ன என்பதை அறிய வழியே இல்லாமல் போயிற்று. வாயிலிருந்து வெட்டி எடுத்த எதையும் குப்பையில் போட விடக்கூடாது. "இதை ஆய்வுக்கு அனுப்புகிறீர்களா, முடிவு எப்போது வரும்?" என்று நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிடலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நான்காவது, பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவு. எங்கள் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை; இந்திய நிதியுதவியில் கட்டிய புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவிலும் பதுளையிலும் பெரிய வைத்தியசாலைகள் உண்டு. செலவில்லை, மொழிச் சிக்கலும் குறைவு. பல் பிடுங்க வந்தவர்களின் வரிசையிலேயே நீங்களும் நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் ஒரு குறை. "பல் வலி" என்று சீட்டு எழுதிவிட்டால் பல்லைத்தான் பார்ப்பார்கள். "கன்னத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத திட்டு" என்று சொல்லிச் சீட்டு எடுத்தால் கதை மாறும். வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடமென்றால் அங்கேயே இழையத்தை எடுத்துவிடுவார்கள்; இல்லையென்றால் கடிதம். பதுளைப் பக்கத்தவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு என்பேன். அங்கிருந்து பேராதனை மிகத் தூரம்.

ஐந்தாவது பேராதனை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை. நாட்டின் பல் வைத்தியர்களில் மிகப் பெரும்பாலானோர் படித்து வெளியேறியது இங்கிருந்துதான். வாய் நோய்களைப் பார்ப்பவர், வெட்டுபவர், வெட்டியதை நுணுக்குக்காட்டியில் ஆராய்பவர் எல்லாரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள் என்பதே இதன் பெரிய பலம். இலங்கையில் கடிதம் இல்லாமலும் அரசாங்க வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். கடிதம் இருந்தால் சரியான வாசலுக்கு விரைவில் போய்ச் சேரலாம். ஹட்டனில் கண்டி பஸ் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து கண்டிக்கு முன்னால் பேராதனையிலேயே இறங்கிக்கொள்ளலாம். நுவரெலியாவிலிருந்து வருபவர்களுக்கும் புசல்லாவ, கம்பளை வழியாக அதே பாதை. எங்களைப் போல மஸ்கெலியாவுக்கு மேலே இருப்பவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒரு நாள் பேர் போகும், கூடப் போகிறவருடையதும் சேர்ந்து இரண்டு. இன்னொரு நாள் முடிவை வாங்க. சித்தி இந்த இரண்டு நாளைத்தான் முதலில் எண்ணினார். நான் அவருடன் சேர்ந்து களிம்புக்காக மருந்தகத்துக்குப் போன அரை நாள்களை எண்ணினேன். ஒன்பது வந்தது.

ஆகவே என் தேர்வு: மாலையில் ஹட்டனில் காட்டிக் கடிதம் வாங்குவது, அந்த வாரமே பேராதனை. அல்லது டிக்கோயாவில் காட்டி, அங்கேயே இழையம் எடுத்தால் எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் பேராதனை. இரண்டில் எது உங்களுக்கு முந்துகிறதோ அது.

இதை வெறும் வீட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. 1980களின் தொடக்கத்தில் மத்திய மலைநாட்டுக் கிராமங்களில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, வர்ணகுலசூரியவும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். குடும்ப சுகாதாரப் பணியாளர்களாலேயே திட்டுகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. சறுக்கியது அடுத்த படியில்: காட்டச் சொல்லி அனுப்பியவர்களில் கணிசமானோர் வைத்தியசாலைப் பக்கமே போகவில்லை. பிறகு 1996இல் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேரை வைத்து ஒரு பெரும் பரிசோதனை தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. எனவே எல்லாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. வெற்றிலைச் சுருக்குப்பை இடுப்பில் தொங்குகிறவரின் வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாயமா, தூரிகையா, கத்தியா?

பேராதனைக்குப் போவதற்கு முன்னால் சித்தியின் பெரிய பயம் புற்றுநோய் அல்ல, கத்தி. "கத்தி பட்டால் பரவிவிடும்." இதை மலையகத்தில் கேட்காத காது கிடையாது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் அது முட்டாள்தனமாகத் தோன்றவில்லை. நம்மவர்கள் போனதெல்லாம் கழுத்தில் கட்டி விழுந்து, வாய் திறக்க முடியாமல் போன பிறகு. போனதும் வெட்டினார்கள், சில மாதத்தில் செத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். வெட்டுக்கு முன் தவறவிட்ட இரண்டு வருடங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

கத்தியைத் தவிர்க்க வேறு என்ன இருக்கிறது? டொலுடீன் நீலம் என்ற சாயத்தைப் பூசினால் சந்தேகமான இடங்கள் நீலமாகப் பிடித்துக்கொள்ளும். சிறு தூரிகையால் தேய்த்துக் கலங்களை எடுத்துப் பார்க்கலாம். விசேட ஒளி பாய்ச்சும் கருவிகளும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயம் சாதாரணப் புண்ணிலும் பிடிக்கும். தூரிகை ஆழத்தைத் தொடாமல் போகலாம். உலகின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் கொக்ரேன் தொகுப்புகள் மீண்டும் மீண்டும் சொன்னது இதைத்தான்: இவற்றில் எதுவும் இழையத் துண்டை வெட்டிப் பார்ப்பதற்கு ஈடாகாது. சாயத்தின் உண்மையான பயன், பெரிய திட்டில் எந்த இடத்தில் வெட்டலாம் என்று வழிகாட்டுவது.

அடுத்த கேள்வி, துண்டு எடுப்பதா, முழுதாக எடுப்பதா? பார்த்தாலே நார்க்கட்டி போன்ற சிறியதை முழுதாக எடுத்துவிட்டு ஆய்வுக்கு அனுப்புவதே நல்லது; ஒரே வெட்டில் வைத்தியமும் பரிசோதனையும் முடிந்துவிடும். பையனின் குமிழியை அப்படித்தான், அதை உண்டாக்கிய சுரப்பியோடு சேர்த்து எடுத்தார்கள். குமிழியை மட்டும் குத்திவிட்டால் திரும்ப வரும். சந்தேகத்துக்குரியதிலோ ஒரு துண்டு மட்டும். புற்றுநோய் என்று தெரியாமல் முழுதாக எடுத்துவிட்டால், பின்னர் எந்த எல்லைவரை அகற்றுவது என்பதற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும். இரத்தக்குழாய்க் கட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை ஆராயாமல் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது. தாடை எலும்புக்குள் வரும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியும் தனி ஆள். பெயரளவில் தீங்கற்றது. ஆனால் "தீங்கற்றதுதானே" என்று சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்பத் திரும்ப வந்து தாடையைத் தின்னும். சுற்றியுள்ள எலும்போடு சேர்த்து அகற்றினால் திரும்புவது மிகக் குறைவு. தீங்கற்றது என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சித்தியின் கன்னத்தில் விறைப்பு ஊசி போட்டு, அந்தச் சிவப்பு இடத்திலிருந்து பச்சரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய துண்டு எடுத்து, இரண்டு தையல் போட்டார்கள். போத்தலில் போட்டு மூடினார்கள். "இதுக்குத்தானா மூணு வருஷம் பயந்தேன்?" என்றார் வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு.

இரண்டு செய்திகள், அனுபவத்தில் வந்தவை. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். ஊசி போடும்போது மயங்கிச் சரிவது பெரும்பாலும் பயத்தால்தான்; பசி அதைக் கூட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாகவே அதை நிறுத்தக் கூடாது. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

முடிவு வந்த பிறகு

முடிவு மூன்று விதமாக வரலாம். தீங்கற்றது என்றால் மேலே சொன்னதுதான்.

புற்றுநோய் என்று வந்தால் தேர்வு சத்திரசிகிச்சைக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் இடையில் என்று பலர் நினைக்கிறார்கள். கத்திக்குப் பயந்து "கரண்ட் வையுங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. வாய்க்குள் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் கத்திதான். வெட்டிய விளிம்பிலோ கழுத்து நிணநீர்க் கணுக்களிலோ நோய் தென்பட்டால் அதன்பின் கதிர். கதிர் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. ஆகவே கெட்டுப்போன பற்களைக் கதிருக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. கழுத்தில் கட்டி ஒன்றும் தெரியாதபோதும் ஏன் கழுத்தையும் வெட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு, மும்பை டாடா நினைவு வைத்தியசாலை 2015இல் பதில் சொன்னது. தொடக்க நிலை வாய்ப் புற்றுநோய் கொண்ட முதல் 500 பேரின் கணக்கில், கழுத்துக் கணுக்களையும் அப்போதே அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்று ஆண்டு கடந்து உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் கட்டி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினர். பொறுத்திருப்பதற்கு என்ன விலை என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆய்வு வேறொன்றை நான் பார்க்கவில்லை.

சித்திக்கு வந்தது மூன்றாவது: புற்றுநோய் இல்லை, ஆனால் கலங்கள் நடுத்தர அளவுக்கு ஒழுங்கு தவறியிருக்கின்றன. இங்கேதான் தேர்வு உண்மையிலேயே கடினம். அகற்றுவதா, கண்காணிப்பதா? அகற்றினால் புற்றுநோய் வராது என்று உறுதியாகச் சொல்லும் சீட்டுக் குலுக்கிச் செய்த பரிசோதனை எதுவும் இல்லை. இருக்கும் ஆய்வுகளைச் சேர்த்து 2009இல் செய்த ஒரு கணக்கில், இப்படி ஒழுங்கு தவறிய திட்டுகளை அகற்றாதவர்களில் 14.6 சதவீதத்தினருக்கும் அகற்றியவர்களில் 5.4 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. குறைகிறது, இல்லாமல் போகவில்லை. பேராதனை வைத்தியர் இதை மறைக்காமல் சொன்னார். கிளினிக் தேதிக்கெல்லாம் தவறாமல் வரக்கூடியவருக்குக் கண்காணிப்பு ஒரு வழி. வருடம் முழுதும் மழையும் மண்சரிவும் பாதையை மறிக்கும் ஊரிலிருந்து வரும் ஒருவருக்கு, தேதிகளை நம்பியிருக்கும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. அகற்றச் சொன்னோம். அகற்றினார்கள். கிளினிக் தேதிகள் அதற்குப் பிறகும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று.

வெற்றிலைப் பேச்சு அங்கேதான் தொடங்கியது. புகையிலையை விட்டுவிட்டார்; அதற்கு எங்களுக்குப் பெருமை. "பாக்கும் வெற்றிலையும் மட்டும்தான், அது ஒன்றும் செய்யாது" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985இலேயே புற்றுநோய்க் காரணி என்று சொல்லியிருந்தது. புகையிலை இல்லாத வெற்றிலையையும் பாக்கையும் 2003இல் கூடி ஆராய்ந்து அதே பட்டியலில் சேர்த்தது. பாக்குத்தான் கன்னத்தை நார்நாராக இறுக்கி வாயைத் திறக்க விடாமல் செய்வதும். மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னேன். சித்திக்கு இரண்டரைதான் போயிற்று.

சுருக்குப்பையில் இப்போது கராம்பும் கொஞ்சம் பெருஞ்சீரகமும் இருக்கின்றன. அடியில் பாக்குச் சீவல் ஒரு பொட்டலம் இருப்பதும் எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறேன். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஹட்டனில் முதல் கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் மூன்றரைக்கே தேநீர் கொதிக்க வேண்டும்.